பத்தியத்தோடு குடித்த இத்தாலி சூப்பு

எங்கள் வீட்டுக்குள் இத்தாலி நுழைந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் ரத்தம். அவர் கிரேன் ஆபரேட்டர். வருஷத்துக்கு ஒரு தரம் கம்பெனி கிளினிக்கில் அவர்களுக்கெல்லாம் ஃபிட்னஸ் பார்ப்பார்கள்: கண், காது, பிரஷர், சர்க்கரை. அந்த வருஷம் கண்ணும் காதும் பாஸ். மற்ற இரண்டும் ஊத்திக்கொண்டன. ரெண்டு மாசம் டைம் தருகிறேன், குறைத்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் கிரேனில் ஏற விடமாட்டேன் என்று மலையாளி டாக்டர் சொல்லிவிட்டார்.

இதை என்னிடம் இவர் எப்படிச் சொன்னார் தெரியுமா? ஷூவைக் கழற்றிக்கொண்டே, "என்னமோ சூப்பு குடிக்கணுமாம்" என்றார். அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் நான் தோண்டித் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

கிரேனில் ஏறாவிட்டால் கீழே ஹெல்பர் வேலை. ஹெல்பர் சம்பளத்துக்கு ஃபேமிலி விசா நிற்காது. விசா போனால் நானும் மகளும் திருச்சி பிளைட் ஏற வேண்டும், இவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கம்பெனியின் லேபர் கேம்ப்புக்குப் போக வேண்டும். கல்யாணமான புதிதில் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். இவர் இங்கே, நான் புதுக்கோட்டையில். போனில் சண்டை போட்டு, போனிலேயே சமாதானமாகி, மகள் தவழ்ந்ததையும் நடந்ததையும் போனிலேயே இவருக்குக் காட்டி ஒரு பிழைப்பு பிழைத்தோம். அது இன்னொரு தரம் வேண்டவே வேண்டாம் என்று சாமியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். சாமிக்குக் காது கேட்டதோ என்னவோ, சூப்பை அனுப்பிவைத்தார்.

இங்கே அரபு நாட்டில், முசஃபாவில் ஷாபியா பக்கம் எங்கள் ஃபிளாட். ஃபிளாட் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பெட்ரூமில் நாங்கள், இன்னொரு பெட்ரூமில் காயல்பட்டணத்துப் பக்கத்துக் குடும்பம், நடுவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையலறை. அந்த வீட்டு அம்மாவை நான் லாத்தா என்பேன். அவர்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய வீட்டுக்காரரை அண்ணன் என்பேன். முறை குழம்புகிறதே என்று ஊரிலிருந்து வந்தவர்கள் கேட்பார்கள். குழம்பட்டும், உங்களுக்கு என்ன? அண்ணன் கீழ்த்தளத்தில் பக்காலா வைத்திருந்தார். நம் ஊரில் மளிகைக் கடை என்போமே, அதுதான். மேலே லாத்தா, கீழே அண்ணன். என் அடுப்பில் என்ன கொதித்தாலும் ரெண்டு தளத்திலிருந்தும் அபிப்பிராயம் வரும்.

சூப்பு செய்கிற விதம் போனில் படமாக வந்தது. கிளினிக்கில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்ல ஒரு எகிப்துக்காரப் பெண் இருந்தாள். பட்டானுக்கும் அதே படம், பெங்காலிக்கும் அதே படம், ஃபிலிப்பினோவுக்கும் அதே படம்தான் அனுப்புவாளாம். இத்தாலியின் பாரம்பரியக் காய்கறி சூப்பு, பெயர் மினஸ்ட்ரோனே. வெங்காயம், கேரட், செலரி, தக்காளி, கோஸ், உருளைக்கிழங்கு, வெள்ளை பீன்ஸ் கொட்டை, ஒரு கைப்பிடி பாஸ்தா. எட்டாவது படிக்கிற என் மகள் படித்துச் சொன்னாள். கொட்டையில் புரதம் இருக்கிறது, காயில் நார்ச்சத்து இருக்கிறது. நார்ச்சத்து இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும், வயிறும் நிறையும். உப்பை மட்டும் குறைத்துப் போட வேண்டும். ராத்திரிக்கு இது ஒன்றுதான், வேறு கிடையாது.

"சாம்பார்ல இல்லாத காயா? இதுக்கு எதுக்கு இத்தாலிக்குப் போகணும்?" என்றேன்.

"அம்மா, ப்ளீஸ். சாம்பார் வேற. திஸ் இஸ் எ மீல்" என்றாள் மகள். தமிழில் திட்டினால் இங்கிலீஷில் பதில் வரும் பிறவி அது.

முதல் நாள் எல்லாவற்றையும் நறுக்கி அடுப்பில் ஏற்றினேன். செலரி என்ற அந்தத் தண்டை அதுவரை நான் கையால் தொட்டதில்லை. கொதி வந்ததும் ஒரு வாசனை கிளம்பியது. லாத்தா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தார்.

"என்ன தங்கச்சி, யாருக்கு வயித்து வலி? ஓமத்தண்ணி வாடை அடிக்கே?"

ஓமம் இல்லை, சூப்பு என்றேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அப்போதுதான் மகள் கடைசியில் தூவ வேண்டிய இலையைக் கொண்டுவந்தாள். பேசில் என்றாள். என் வீட்டுக்காரர் ஒரு இலையைக் கிள்ளி மூக்கில் வைத்து, "அட, துளசி" என்றார். துளசிக்கு அக்கா தங்கை மாதிரி ஒரு செடி அது, வாசனையும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் யார் கேட்கிறார்கள்?

லாத்தா வக்கீல் மாதிரி ஆரம்பித்துவிட்டார். "கிளினிக்குல சொன்னது. ஆமாவா? ஒறைப்பு இல்ல. புளி இல்ல. உப்புகூட அளந்துதான் போடணும். ஓமம் வாசம். துளசி வேற போடுதாங்க. பொறவு என்ன, இது மருந்துதான். மருந்தைப் போயி சாப்பாடுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கியே தங்கச்சி."

சாப்பாடுதான் என்று நான் வாதாடினேன். உடனே இவர், "சாப்பாடுன்னா சோறு எங்க?" என்று கேட்டார். சோறில்லாத ஒன்றைச் சாப்பாடு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. சரி, மருந்தாகவே இருந்துவிட்டுப் போகட்டும், குடித்தால் போதும் என்று நானும் தலையாட்டினேன். அங்கேதான் கதை கெட்டது.

மருந்து என்று ஆகிவிட்டால் அதைத் தட்டில் போட்டுத் தின்ன முடியுமா? எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் குடிக்கப் பார்த்தார். கோஸும் கொட்டையும் தொண்டையில் போய் மாட்டிக்கொண்டு இருமினார் பாருங்கள், கீழே பக்காலாவில் இருந்து அண்ணன் ஓடி வந்துவிட்டார். மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அடித்து வடிகட்டிக் கொடுத்தேன். "சக்கையை எறிஞ்சிட்டியா? ஃபைபரே அதுலதாம்மா இருக்கு!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மருந்தில் சக்கை வைப்பார்களா? போடி அங்கிட்டு என்றேன்.

மருந்துக்கு அடுத்தது பத்தியம். இதில் லாத்தாவை மிஞ்ச ஆள் கிடையாது. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும், கூடாது. பாகற்காய் முறிக்கும், கூடாது. கத்தரிக்காய் கரப்பான், கூடாது. பாகற்காய்தான் இவர் சர்க்கரைக்கென்று வாரத்தில் பாதி நாள் தின்றுகொண்டிருந்த ஒரே காய். அதையும் நிறுத்தினோம். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்பது இதுதான். ஒரு மண்டலம் விடாமல் குடித்தால்தான் மருந்து உடம்பில் பிடிக்கும் என்றார் லாத்தா. இத்தாலியில் மண்டலக் கணக்கு உண்டா என்று கேட்டேன். "எங்கெ இருந்து வந்தா என்ன, மருந்து மருந்துதானே?" என்றார்.

நடுவில் பாலாடைக் கட்டி விவகாரம் ஒன்று. இத்தாலியில் இந்தச் சூப்பு கொதிக்கும்போது சீஸின் காய்ந்த தோலை வெட்டி உள்ளே போடுவார்களாம், ருசி இறங்குமாம். மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து நச்சரித்தாள். அண்ணனும் பெரிய மனது பண்ணி எங்கிருந்தோ ஒரு துண்டு வாங்கிவந்தார். செருப்பின் குதிகால் மாதிரி இருந்தது. போடப் போகும் நேரத்தில் மகளே போனைப் பார்த்து, "உவ்வே, அந்த சீஸுக்குப் பால் திரிக்கிறதுக்குக் கன்னுக்குட்டி வயித்துல இருந்து ஒண்ணு எடுக்கிறாங்களாம்" என்றாள். லாத்தா கரண்டியைப் பிடுங்கினார்: "கன்னை எப்படி அறுத்தாங்க? அல்லா பேரு சொல்லி அறுத்தாங்களா? யாருக்குத் தெரியும்?" இவர் இன்னொரு பக்கம் கையை உதறினார்: "புரட்டாசி மாசம்டி! பெருமாளுக்கு விரதம் இருக்கேன், கன்னுக்குட்டி வயித்தைக் கொண்டாந்து வெக்கிறீங்க!" ரெண்டு வீடும் வேறு வேறு சாமியைச் சொல்லி ஒரே தோலைத் தூக்கிக் குப்பையில் போட்டது. அந்த ஃபிளாட்டில் எல்லாரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

இவருக்கு அதற்குள் இந்தச் சூப்பு எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. நாட்டு மருந்து என்றால் எந்த வைத்தியர், எந்த ஊர் என்று கேட்போமில்லையா, அந்த மாதிரி. இவருடைய சைட்டில் இரண்டு இத்தாலிக்கார இன்ஜினியர்கள் இருந்தார்கள். ஒருவர் இத்தாலியின் வடக்கு, இன்னொருவர் தெற்கு. நேரில் போய்க் கேட்கலாம். ஆனால் இவர் டீ நேரத்தில் கிரேன் கேபினிலேயே உட்கார்ந்துகொண்டு, வாக்கி டாக்கி ரேடியோவில் கேட்டிருக்கிறார். அது சைட் முழுக்கக் கேட்கும்.

"சார், யுவர் சூப்பு, ஒரிஜினல் எந்த இடம்?"

வடக்கத்தியவர் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். ராஜா வீட்டுச் சமையல் இல்லை, ஏழை பாழைகள் வீட்டில் அன்றைக்கு என்ன காய் மிச்சம் கிடந்ததோ அதையெல்லாம் ஒரே பானையில் போட்டுக் காய்ச்சியது. தக்காளியே அங்கே பின்னால்தான் வந்ததாம், கடல் தாண்டி. அதற்கு முன்னால் தக்காளி இல்லாமல்தான் குடித்தார்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும், இதுதான் சரி என்று ஒன்று கிடையாது என்று பெருந்தன்மையாகப் பேசிவிட்டு, கடைசியில், "ஆனால் என் அம்மா செய்வதுதான் சரி. அதில் அரிசி போடுவாள்" என்றாராம்.

தெற்கத்தியவர் அதே ரேடியோவில் குறுக்கே புகுந்துவிட்டார். அரிசியா? அரிசி போட்டால் அது சூப்பா? பாஸ்தாதான் போட வேண்டும். வடக்கத்தியவர் ஏதோ சொல்ல, தெற்கத்தியவர் அவருடைய அம்மாவை இழுக்க, ரெண்டு பேரும் இங்கிலீஷை விட்டுவிட்டு இத்தாலியில் இறங்கிவிட்டார்கள். கீழே சிக்னல் காட்டுகிற பஞ்சாபி, "அரே பாய், கியா ஹுவா, ஆக்சிடென்டா?" என்று கத்துகிறான். சேஃப்டி ஆபீசர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, "கலாஸ்! கலாஸ்!" என்று ரெண்டு பேரையும் நிறுத்தியிருக்கிறார். நடுவில் வடக்கத்தியவருக்கு ஞாபகம் வந்து, "நீ அதில் என்ன போட்டாய்?" என்று கேட்க, அந்த வாரம் நான் முருங்கைக்காய் போட்டிருந்ததால், இவர் ஒளிக்காமல், "டிரம்ஸ்டிக் சார்" என்றிருக்கிறார். மறுநாள் காலை வேலைக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்திப் பாதுகாப்புப் பேசும் கூட்டத்தில், ஹெல்மெட், பெல்ட், வெயிலில் தண்ணீர் குடிப்பது எல்லாம் சொன்ன பிறகு, ரேடியோவில் சூப்பு பற்றிப் பேசக் கூடாது என்றும் ஒன்று சேர்த்துச் சொன்னார்கள்.

இவ்வளவு கூத்திலும் இவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். வீட்டுக்கு வந்ததும், "அரிசி போடலாமாம்டி. அந்த ஊர்க்காரரே சொல்லிட்டாரு" என்றார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பாவமாக இருந்தது. ஒரு பிடி போட்டேன்.

அண்ணன் கடையிலிருந்து விரலில் குத்திப் பார்க்கிற சர்க்கரை மெஷின் ஒன்று வாங்கியிருந்தோம். வாரம் போகப் போக அது இறங்கும் என்று பார்த்தால், ஏறியது. அரிசியால்தான் என்று அரிசியை நிறுத்தினேன். ஏறியது. உருளைக்கிழங்கை நிறுத்தினேன், பாஸ்தாவை நிறுத்தினேன். ஏறியது. கேரட் இனிக்கிறதே என்று அதையும், கொட்டை மேல் சந்தேகப்பட்டு அதையும் எடுத்தேன். கடைசியில் கோஸும் செலரியும் போட்ட வெந்நீர்தான் மிச்சம். அதைக் குடித்தும் ஒரு மனுஷனுக்குச் சர்க்கரை ஏறுகிறது என்றால், இத்தாலிக்காரர்கள் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆள் மட்டும் குறை சொல்லாமல் இருந்தார். அதுதான் ஆச்சரியம். குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் தட்டைத் தள்ளுகிறவர், அந்தக் கோஸ் தண்ணீரைக் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, "நடந்துட்டு வாறேன்" என்று உற்சாகமாகக் கிளம்பிவிடுவார். தினமும். எங்களுக்காக இந்த மனுஷன் இப்படிக் கஷ்டப்படுகிறாரே என்று, உண்மையைச் சொன்னால், ஒரு நாள் அவர் போன பிறகு சமையலறையில் நின்று அழுதேன்.

அடுத்த நாள் சாயங்காலம் செலரி தீர்ந்துவிட்டது என்று கீழே பக்காலாவுக்கு இறங்கினேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டொக்கு டொக்கு என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். அண்ணன் தரையில் குந்தி, படிக்கல்லால் கருப்பட்டி உடைத்துக்கொண்டிருந்தார். வெங்காய மூட்டை மேல் என் வீட்டுக்காரர், ஒரு பக்கக் கன்னம் எலுமிச்சம்பழம் மாதிரி உப்பியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிளாஸ் சுக்குக் காப்பி, அதுவும் கருப்பட்டி போட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். பேச வாய் வரவில்லை. வாயில்தான் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடியே இருக்கிறதே.

"என்னங்க இது?" என்றேன்.

அண்ணன்தான் பதில் சொன்னார், ஒன்றும் அறியாத முகத்தோடு. "மருந்து குடிச்சா வாய் கசக்கும்லாம்மா? ஒரு துண்டு கருப்பட்டி கொடுக்கணும்னு உங்க லாத்தா சொல்லி விட்டா. ஊருல கஷாயம் குடிச்சா அப்படித்தானே?"

அவர் சொன்னது பொய்யும் இல்லை. எங்கள் பக்கமும் கஷாயத்துக்குப் பின்னால் இனிப்பு கொடுப்பதுதான். சூப்பு கசக்கவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. மருந்து என்று ஒரு தடவை தீர்ப்பு ஆன பிறகு கசந்தாக வேண்டும், கசந்தால் இனிப்பு வேண்டும். இவர் ஒருவழியாக விழுங்கிவிட்டு, "கருப்பட்டி சர்க்கரைக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்கடி" என்றார். துண்டு என்று ஆரம்பித்தது வட்டு வட்டாக ஆகியிருந்தது. வெங்காய மூட்டை மேலேயே போட்டு மிதித்திருப்பேன், கடையில் ஆள் இருந்ததால் பிழைத்தார்.

மேலே ஏறிப் போய் லாத்தாவைப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். "எம் புருசனைக் கிரேன்ல இருந்து எறக்கத்தான் கருப்பட்டி ஊட்டுறீங்களா? நாங்க இந்த ரூமைக் காலி பண்ணணுமா? நேராச் சொல்லுங்க லாத்தா!" என்று கத்தினேன். கேட்டிருக்கக் கூடாது. கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது.

லாத்தா திருப்பிக் கத்தவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ போயிட்டா எனக்கு இங்கெ யாரு இருக்கா? காலைல அவரு கடைக்கு எறங்கிட்டா ராத்திரி வரைக்கும் நான் பேசுறதே உங்கிட்ட மட்டுந்தானே. ஒரு மருந்தைக் குடுத்தா ஒழுங்கா உடம்புல பிடிக்கணும்னுதானே எல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சேன். அல்லா, இப்படி ஆயிட்டே" என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையில் குரங்கு மேல் என்ன தப்பு இருக்கிறது?

கிளினிக்குக்குப் போக இன்னும் கொஞ்ச வாரம் மிச்சம் இருந்தது. அன்றைக்கே நான் சட்டத்தை மாற்றினேன். இது மருந்து இல்லை, சாப்பாடு. டம்ளர் கிடையாது, மிக்ஸி கிடையாது, மண்டலம் கிடையாது, பத்தியம் கிடையாது, முக்கியமாகக் கருப்பட்டி கிடையாது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பெரிய சட்டியை நடுவில் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டில் ஊற்றி, காயைக் கடித்து மென்று சாப்பிட வேண்டும். எங்கள் வீடு மட்டும் இல்லை. "நாங்களும் ராத்திரிக்கு அதையேதான் சாப்பிடுவோம்" என்று லாத்தா தானே தண்டனை விதித்துக்கொண்டார். பாவம் அண்ணன், ஒரு நாள் கடையை மூட நேரமாகும் என்று போன் போட்டார். மூடிவிட்டு வாருங்கள், கோஸ் காத்திருக்கிறது என்று லாத்தா சொல்லிவிட்டார்.

கொட்டையையும் கேரட்டையும் திரும்பச் சேர்த்தேன். வீட்டில் என்ன இருக்கிறதோ அதைப் போடுவதுதான் இத்தாலி முறை என்று இன்ஜினியரே ரேடியோவில் அறிவித்துவிட்டார் அல்லவா? அவரைக்காய் போட்டேன், புடலங்காய் போட்டேன். பாகற்காயையும் வட்டமாக நறுக்கிப் போட்டேன். அன்றைக்குத்தான் அந்தச் சூப்பு நிஜமாகவே கசந்தது. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மகள் மட்டும், "இட்டலி வில் சூ அஸ்" என்றாள். இத்தாலி நம் மேல் கேஸ் போடுமாம். மெஷினில் எண் இறங்க ஆரம்பித்தது. பெல்ட்டில் உள்பக்கம் புது ஓட்டை போட்டோம்.

கிளினிக் நாள் வந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, அதனால் மூன்று பேரும் போனோம். சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் தலையாட்டினார், அது போதும். அடுத்தது பிரஷர். கேரளத்து நர்ஸ் இவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினாள். உதட்டைப் பிதுக்கினாள். இன்னொரு தரம் அழுத்தினாள். இன்னும் கூடியிருந்தது. "டென்ஷன் ஆகண்டா அண்ணா, கொஞ்சம் இருந்துட்டு பாக்கலாம்" என்று வெளியே உட்கார வைத்தாள்.

உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இவருடைய பிரஷர் நாங்கள்தான். நாங்கள் போய்விடுவோமோ என்ற பயத்தில் ஏறுகிறது. அது ஏறினால் நாங்கள் போக வேண்டும். இதற்கு எந்த ஊர் சூப்பு என்ன செய்யும்? கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்து நர்ஸ் மறுபடி பட்டையைச் சுற்றும்போது, எனக்கு எங்கிருந்தோ வந்தது ஒரு வேகம்.

"இந்தா பாருங்க," என்றேன். "போனாப் போறோம். புதுக்கோட்டை என்ன சந்திரமண்டலத்துலயா இருக்கு? இங்க எனக்கு என்ன கொட்டியா கெடக்கு? ஒத்த ரூம்பு, ஓயாத ஏசிச் சத்தம். எங்கம்மா வீட்டுல காலை நீட்டிப் படுப்பேன். தெனம் தெனம் கோஸும் செலரியும் நறுக்கி நறுக்கி எஞ் சீவன் போச்சு. நீங்க லீவுக்கு வாங்க, மீன் கொழம்பு வெச்சுப் போடுறேன். தின்னுட்டு வந்த வழியே போங்க. விட்டுது சனியன்னு நான் நிம்மதியா இருப்பேன்."

நர்ஸுக்கு முழுக்கப் புரிந்ததோ இல்லையோ, வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அப்ப நான் இல்லைன்னா உனக்கு நிம்மதிங்கிற?"

"பின்ன?"

"இவளோட மல்லுக்கட்டுறதுக்குக் கேம்ப்பே தேவலை" என்று நர்ஸிடம் மலையாளத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். மூச்சு விட்டு, சாய்ந்து உட்கார்ந்தார். நர்ஸ் அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரமும் அழுத்தினாள். மெஷினைத் திருப்பி டாக்டருக்குக் காட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னொரு வருஷம் கிரேன், இன்னொரு வருஷம் விசா. மகள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நர்ஸுக்கு என் மேல் பிரியம் வந்துவிட்டது. "சேச்சி, இவிடெ இரிக்கு. சும்மா உங்களுக்கும் பாக்கலாம்" என்று என்னை நாற்காலியில் உட்கார்த்தினாள். எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கிறேன் என்று கையை நீட்டினேன். அவள் எண்ணைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கையை விட்டுவிட்டு இந்தக் கையில் பார்த்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள்.

வருஷா வருஷம் இங்கே வந்து பிரஷர் மெஷினைப் படிக்க இவர் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இவருடைய எண் மோசமாக இருந்த நாளில்கூட அவ்வளவு இருந்ததில்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போனாப் போறோம் என்று நான் சொன்னதெல்லாம் பொய் என்று அந்தப் பாழாய்ப்போன மெஷின் எல்லாருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டது. டாக்டர் எனக்கு மாத்திரை எழுதினார். கிளம்பும்போது எகிப்துக்காரப் பெண் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கினாள். பஸ்ஸில் ஏறுவதற்குள் படம் வந்துவிட்டது. அதே சூப்பு.

வீட்டுக்கு வந்ததும் இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். கேரட் எல்லாம் கட்டை கட்டையாக விழுந்தது. உள்ளே வராதே என்று என்னை விரட்டிவிட்டார். லாத்தா பக்கத்தில் நின்று அதைப் போடு இதைப் போடு என்று சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

சூப்பு வந்தது. தட்டில் இல்லை, எவர்சில்வர் டம்ளரில். மிக்ஸியில் அடித்திருந்தார்கள். இன்னொரு கையை மூடி வைத்திருந்தார். நான் குடித்து முடித்ததும் அந்தக் கையைத் திறந்தார். ஒரு துண்டு கருப்பட்டி.

"இன்னுமா இது வீட்டுல இருக்கு?" என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதும்பாங்க," என்றார். "உனக்குக் கருப்பட்டியே கெடைக்குது. பேசாமத் தின்னு."

வாங்கித் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததைச் சூப்பின் சூட்டில் வந்தது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த லாத்தா மூக்கை உறிஞ்சிவிட்டு, "நாளைல இருந்து உனக்குப் பாகற்காய் கூடாது தங்கச்சி, மருந்து முறிஞ்சிரும்" என்றார்.